வண்டியேறிய பந்தயக் குதிரை



தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். விற்ற கன்றை லோரியில் ஏற்றுவதற்குள் நான்கு ஆட்கள் வியர்த்துப் போவார்கள். குதிரையோ இன்னும் அச்சம் மிகுந்த பிராணி. திறந்த வெளியில் கூட்டமாக மேய்ந்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்கும் இனம் அது. இருட்டுப் பெட்டியும், காலடியில் தொம்மென்று ஒலிக்கும் பலகையும் அதற்குப் பொறியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அத்தகைய பிராணி வண்டியேறிய கதையை இன்று பார்ப்போம்.

1836ஆம் ஆண்டு, இங்கிலாந்து. அந்நாளில் பந்தயக் குதிரைகள் ஓடுகளத்துக்கு நடந்தே செல்லும். தெற்கே குட்வுட்டிலிருந்து வடக்கே டான்காஸ்டருக்கு ஏறக்குறைய 250 மைல். நடத்திச் சென்றால் இரண்டு வாரம் பிடிக்கும். செயின்ட் லெஜர் பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோதும், எலிஸ் என்ற மூன்று வயதுக் குதிரை குட்வுட் லாயத்தைவிட்டு நகரவில்லை. இனி அது வந்து சேராது என்று பந்தயப் பணம் வாங்குவோர் முடிவு கட்டினார்கள்.

ஆனால் ஜார்ஜ் பென்டிங்க் பிரபு இரகசியமாக ஒரு கூண்டுவண்டி செய்து வைத்திருந்தார். உட்சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்தது. இழுப்பதற்கு ஆறு குதிரைகள். எலிஸ் தனியே போகவில்லை. டிரம்மர் என்ற துணைக் குதிரையும் அதே வண்டியில் சென்றது. குதிரைகளே குதிரைகளை இழுத்துப் போவதைக் கண்ட வழியூர் மக்கள் என்ன நினைத்தார்களோ! இடையே லிச்ஃபீல்டில் இறக்கி ஓடவிட்டார்கள். மூன்றே நாட்களில் டான்காஸ்டர் வந்தது. எலிஸ் பந்தயத்தை வென்றது. பிரபுவின் நோக்கம் சூதாட்ட இலாபந்தான். அதை நாம் மெச்சவில்லை. மெத்தையும் துணையும் வைத்த அறிவைத்தான் மெச்சுகிறோம்.

இந்த அறிவு புதியதன்று. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே செனோஃபோன் என்ற கிரேக்கர் குதிரை வளர்ப்பைப்பற்றி நூல் எழுதினார். இளங்குதிரையைச் சந்தடியான இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள், அஞ்சினால் அடிக்காமல் அமைதியாகப் பழக்குங்கள் என்பது அவர் கூற்று.

1858இல் அமெரிக்கரான ஜான் ரேரி, க்ரூசர் என்ற முரட்டுக் குதிரையை இங்கிலாந்தில் அடக்கிப் புகழ்பெற்றார். குதிரை எதைக் கண்டு மிரளுகிறதோ அதை முகர்ந்து பார்க்க விடவேண்டும் என்றார். மத்தளமானால் முதலில் மோப்பம், பிறகே மெல்லிய தட்டு. அவர் முன்னங்காலை மடக்கிக் கட்டியதுமுண்டு. அது நமக்கு உவப்பாக இல்லை.

இன்றைய பழக்குநர்கள் பயண நாள்வரை காத்திருப்பதில்லை. பல நாள் முன்பே, வண்டி நிற்கும் இடத்தில் தீனி வைக்கிறார்கள். குதிரை ஒரு காலைப் பலகையில் வைத்தால் அன்றைக்கு அதுவே போதும், பின்வாங்கினால் வாங்கவிடுகிறார்கள். உள்ளே போய் நிற்கக் கற்ற பிறகு, வண்டியை நகர்த்தாமலே கதவைச் சாத்தித் திறக்கிறார்கள். அதன்பின் சிறிது தூரம் ஓட்டித் திரும்புகிறார்கள். முதற் பயணத்தில், பழகிய குதிரை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துவதும் உண்டு, எலிஸுக்கு டிரம்மர் நின்றது போல.