தீபாவளிக்கு மறுநாள் பூட்டு: சிவகாசிக்காரர்கள் எப்படி ஊர் சுற்றினார்கள்?

சிவகாசி என்ற பெயருக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன ஒரு பயணத்தின் கதை இருக்கிறது. தென்காசியை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்தானாம். வழியில் ஒரு வில்வ வனத்தில் தங்கினான். மறுபடி கிளம்பப் பார்த்தால் லிங்கத்தைச் சுமந்து வந்த பசு நகர மாட்டேன் என்றுவிட்டது. இறைவன் விருப்பம் இதுதான் போலிருக்கிறது என்று லிங்கத்தை அங்கேயே பிரதிஷ்டை செய்துவிட்டான் என்பது தலபுராணம். நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பசு போகாமல் விட்ட மீதி வழி இருக்கிறதே, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி, அதற்கு அடுத்தாற்போல் குற்றாலம்... லீவு விட்டால் சிவகாசிக்காரர்கள் இன்றைக்கும் முதலில் பிடிக்கிற வழி அதுதான்.

விடுமுறை என்றால் மலையா, கடலா, கோயிலா என்று வாரப் பத்திரிகைகள் கேட்கும். எல்லாம் அவரவர் ரசனையைப் பொறுத்தது என்று பதிலும் சொல்லிவிடும். விருதுநகர் மாவட்டத்தின் கதையைப் படித்தால் அது அவ்வளவு எளிதில்லை என்று தெரிகிறது. எங்கே போகப் பிடிக்கும் என்பதற்கு முன்னால், போன இடத்தில் உள்ளே விடுவார்களா, போக நாள் கிடைக்குமா, அந்த நாளுக்குக் கூலி உண்டா என்ற கேள்விகள் வந்து நிற்கின்றன.

முதலில் 19-ஆம் நூற்றாண்டு. சிவகாசி, விருதுப்பட்டி (விருதுநகருக்கு 1923 வரை இதுதான் பெயர்), திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் நிலைகொண்டிருந்தார்கள். பருத்தி, புகையிலை, கருப்பட்டி என்று மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். வழியில் திருட்டுப் பயம். சத்திரம் சாவடிகளில் தங்கலாம் என்றால் சாதி குறுக்கே நிற்கும். அதனால் அவர்களே வழிநெடுகப் 'பேட்டை' கட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, வண்டி அவிழ்த்துப் போட இடம், சரக்கு வைக்க அறை. பேட்டைக்கு வரும் சரக்கின் மீது 'மகமை' என்று ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். அந்த மகமைப் பணம் பின்னால் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது தனிக்கதை. இங்கே நமக்கு வேண்டியது அந்தப் பயணத்தின் பாணி. தனியாகப் போகாதே, கூட்டமாகப் போ. அந்நியன் வீட்டில் தங்காதே, நம் இடத்தில் தங்கு. சோற்றை நீயே ஆக்கிச் சாப்பிடு. இன்று டூரிஸ்ட் வேனில் கேஸ் அடுப்பும் அண்டாவும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போய் வழியில் மரத்தடியில் சமைக்கிற குடும்பங்களைப் பார்க்கிறவர்கள், ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அது உண்மைதான். ஆனால் கூடவே ஒரு பழைய பழக்கமும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னால் தப்பில்லை.

கோயில் விஷயம் இன்னும் கடுமை. இன்றைக்கு விருதுநகரிலிருந்து மதுரை மீனாட்சி கோயில் போவது அரைநாள் வேலை. ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை 1876-லேயே திறந்தாகிவிட்டது, விருதுப்பட்டியும் சாத்தூரும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. ரயில் வந்த பிறகு தூரம் ஒரு தடையே இல்லை. தடை கோபுர வாசலில் இருந்தது. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் 1897-ல் நுழைந்ததற்காக வழக்கு நடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. சிவகாசியிலும் கோயில் நுழைவுத் தகராறு முற்றித்தான் 1899 ஜூனில் அந்தப் பெரிய கலவரம் வெடித்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ கோயில் இருக்கும் தெருவே பல ஊர்களில் மறுக்கப்பட்டிருந்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி கோயிலுக்குள் போன சிறு குழுவில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரோடு நாடார் வகுப்பைச் சேர்ந்த விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். (தீப்பெட்டித் தொழில் சண்முக நாடார் வேறு, இவர் வேறு. பெயர்க் குழப்பம் வேண்டாம்.) அதாவது ரயில் ஓட ஆரம்பித்து 63 வருஷம் கழித்துத்தான் அந்த அரைநாள் பயணம் பாதிப் பேருக்கு முழுமையாக முடிந்தது.

அந்தத் தீப்பெட்டிச் சண்முக நாடாரின் பயணத்தையும் சொல்லியாக வேண்டும். 1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போனார்கள். சுற்றிப் பார்க்க அல்ல, தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள. சில மாதங்கள் தங்கிக் கற்றுத் திரும்பி, 1923-ல் தொழிலை ஆரம்பித்தார்கள். மழை பொய்த்த கரிசல் காடு, வேலைக்கு ஏங்கும் ஜனம், வருஷத்தில் பெரும்பகுதி சுட்டெரிக்கும் வெயில். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில், மருந்து காயவைக்க வரமாகிவிட்டது. தீப்பெட்டியைத் தொட்டு மத்தாப்பு, அப்புறம் பட்டாசு, லேபிள் ஒட்ட அச்சகம். விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-ல் திறக்கப்பட்டபோது சிவகாசிக்கும் ரயில் வந்தது. இந்த வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றிய பயணம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் பராக்கிரம பாண்டியனை விட்டுவிட்டு இந்த இருவரின் கல்கத்தாப் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

தொழில் வந்ததும் ஊருக்கு ஒரு புதுப் பஞ்சாங்கமும் வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'ஆபீஸ்' என்பார்கள். பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். ஊர் ஊராக ஆபீஸ் பஸ் வந்து ஏற்றிப் போகும். (1980-களில் விடிகாலை இருட்டில் அந்த பஸ்களில் சின்னப் பிள்ளைகளும் தூக்கக் கலக்கத்தோடு ஏறினார்கள் என்பதை மறைக்க முடியாது.) பட்டாசு ஆபீஸில் ஆனி, ஆடி, ஆவணி எல்லாம் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் சீசனும் சரியாக ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைதான்! சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்கும், இங்கே தகர ஷெட்டுக்குள் வெந்துகொண்டிருப்பார்கள். முடிந்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி வேன் பிடித்து, விடிவதற்குள் அருவியில் தலையைக் கொடுத்து, பார்டரில் பரோட்டா சாப்பிட்டு, ஞாயிறு ராத்திரி வீடு திரும்பி, திங்கள் காலை ஆபீஸ் பஸ் ஏறுவார்கள். இதை ஒரு பயணப் பாணி என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் தென் மாவட்டத்தில் பலருக்குத் தெரிந்த ஒரே பாணி இதுதான்.

உண்மையான லீவு தீபாவளிக்குப் பிறகு. நாடு முழுக்க வெடித்துத் தீர்த்த மறுநாள் சிவகாசி பூட்டிக்கொள்ளும். சில வாரங்கள் கழித்து நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத்தான் ஆபீஸ் திறப்பார்கள். வியாபாரம் முடிந்தது என்பது ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழையில் மருந்து காயாது என்பது இன்னொன்று. கையில் போனஸில் மிச்சம் கொஞ்சம் இருக்கும். குற்றாலத்துக்கு இப்போதும் போவார்கள், தண்ணீரும் இருக்கும். ஆனால் சில நாள் மலையில் மழை கொட்டி, மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும், போலீஸ் குளிக்க விடாது. சோப்பும் துண்டுமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ போய்ப் பார்ப்பார்கள். அங்கேயும் தடை என்றால் திருச்செந்தூர், அப்படியே கன்னியாகுமரி. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்ப்பவர்கள் காமராஜர் மணிமண்டபத்தை விட மாட்டார்கள். நம்ம ஊர்க்காரர் அல்லவா! கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடும் ஆண்களுக்குச் சபரிமலை. பெண்களுக்கு? மார்கழியில் சிவப்புச் சேலை கட்டி இருமுடி சுமந்து மேல்மருவத்தூர் பஸ்ஸில் ஏறுவது, இங்கே பல பெண்களுக்குப் புருஷன், மாமியார் துணையில்லாமல் வீட்டை விட்டு ராத்தங்கல் போகக் கிடைக்கும் ஒரே பயணம். பக்தி அதில் எவ்வளவு, ஆசுவாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வேண்டாத வேலை.

இங்கிலாந்தில் இதற்கு அச்சு அசலான ஒரு உதாரணம் உண்டு. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் 'வேக்ஸ் வீக்' என்று ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் அது கோயில் கொடை மாதிரி, உள்ளூர் தேவாலயத் திருவிழா. ஆலைகள் வந்த பிறகு அந்த வாரத்தில் ஊரிலுள்ள எல்லா ஆலைகளையும் ஒரேயடியாக நிறுத்திப் பாய்லர் துடைத்துச் செப்பனிடுவார்கள். ஊர் மொத்தமும் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். 1846-ல் பிளாக்பூலுக்கு ரயில் வந்தது இதற்கு வசதியாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தப்பித்துப் போனால் பிளாக்பூல் விடுதியில் பக்கத்து அறையிலும் அவரே இருப்பார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து "என்னண்ணே, நீங்களும் வந்துட்டீகளா?" என்று குரல் கேட்பதைப் போல. அந்த வாரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வருஷம் முழுக்க வாராவாரம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில்தான் போனார்கள். பிரான்ஸில் 1936-லும் பிரிட்டனில் 1938-லும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் சட்டம் வந்தது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை என்பது 2025 வரை விதியாக இருந்தது. 240 நாளுக்குக் கணக்குப் போட்டால் 12 நாள் வரும். சரி, சிவகாசிக்குக் கணக்குப் போடுவோம். ஞாயிறு போக வருஷத்தில் 313 நாள். தீபாவளிப் பூட்டில் ஒரு மாதத்துக்கு மேல் போகும். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், மழை நாள், உடம்பு சரியில்லாத நாள், எங்காவது விபத்து நடந்து சோதனைக்குப் பயந்து ஆபீஸ் மூடும் நாள். 240-ஐத் தொட மூச்சு வாங்கியது. செய்த எண்ணிக்கைக்குக் கூலி, பெயர் பதிவேட்டில் ஏறாத வேலை என்றால் தொடவே முடியவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956 முதலே விடுமுறைப் பயணச் சலுகை உண்டு, குடும்பத்தோடு ஊர் போய் வர அரசே டிக்கெட் காசு கொடுக்கும். பட்டாசுத் தொழிலாளிக்கு ஒரு மாத விடுமுறை கிடைக்கிறதே என்று பொறாமைப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குப் பெயர்தான் லீவு, அடுப்புக்கு அது வேலையில்லா மாதம். அதனால்தான் பயணமும் நாலு நாளில் முடிந்துவிடுகிறது. மிச்ச நாளில் பலர் வேறு கூலி தேடுகிறார்கள், அல்லது அடுத்த வருஷ வேலைக்கு அட்வான்ஸ் வாங்குகிறார்கள்.

லீவு எப்போது வேலையில்லாத் திண்டாட்டமாக மாறும் என்பதை 2018 காட்டிவிட்டது. அந்த வருஷம் அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களைத் தடை செய்து, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று உத்தரவிட்டது. நவம்பர் 6-ல் தீபாவளி. வழக்கம்போல் பூட்டிய ஆபீஸ்கள் வழக்கம்போல் திறக்கவில்லை. பேரியம் இல்லாமல் எதைச் செய்வது என்று உரிமையாளர்கள் காலவரையின்றி மூடிவிட்டார்கள். மறுபடி திறக்க 2019 மார்ச் ஆகிவிட்டது. நாலு மாதம் முழு 'விடுமுறை'. யாரும் குற்றாலம் போகும் மனநிலையில் இல்லை. கலெக்டர் ஆபீஸ் முன்னால் போராட்டத்துக்குத்தான் வேன் பிடித்தார்கள்.

இதே ஊரில் இன்னொரு பஞ்சாங்கமும் ஓடுகிறது. ஆடிப் பதினெட்டன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிக்கும் அச்சகங்களுக்கு, ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும்தான் உச்சக்கட்ட வேலை. அம்மா பயர் ஆபீஸ், மகன் பிரஸ் என்று இருக்கும் வீட்டில் தீபாவளி முடிந்ததும் அம்மாவுக்கு ஆபீஸ் மூடும், மகனுக்கு நைட் ஷிப்ட் ஆரம்பிக்கும். இருவரும் சேர்ந்து ஒரு பயணம் போக வேண்டுமானால் பங்குனி மாதம் ஊர்ப் பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பொங்கலுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாம் இங்கே வந்துவிடுவார்கள், வீட்டை விட்டு எங்கே போவது? மிஞ்சிப் போனால் பஸ் ஏறிச் சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டு, மாலைக்குள் சேவுப் பொட்டலத்தோடு திரும்புவார்கள். மகன் அச்சடித்துக் கொடுத்த அடுத்த வருஷத்துக் காலண்டர் அதற்குள் ஊர் ஊராக வீட்டுச் சுவர்களில் ஏறியிருக்கும், விடுமுறை நாட்கள் எல்லாம் சிவப்பு மையில்.