பல ஆண்டெனாத் தொடர்பு (மைமோ)

கம்பியில்லாத் தகவல் தொடர்பில் செலுத்தும் பக்கமும் ஏற்கும் பக்கமும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டெனாக்களைப் பயன்படுத்தும் முறை. பொறியாளர் வழக்கில் மைமோ. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பி மறுமுனையில் தனித்தனியே பிரித்தெடுக்க இது உதவுகிறது. ஓர் ஓடையையே பல வழிகளில் அனுப்பி, அது தவறாமல் போய்ச் சேருமாறு செய்யவும் உதவுகிறது. வீட்டு வைஃபை பெட்டியிலும், 4ஜி, 5ஜி கோபுரங்களிலும், போர்முனையில் வீரர்கள் சுமக்கும் புதிய தலைமுறை ரேடியோக்களிலும் இன்று இதுவே இயங்குகிறது. கூடுதல் அலைக்கற்றை இல்லாமலும், மின்திறனை ஏற்றாமலும் ஒரு வலையமைப்பின் கொள்ளளவைப் பல மடங்காக்க முடியும் என்று காட்டிய முறை இது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகவல் தொடர்பியலில் நிகழ்ந்த மிகப்பெரிய முன்னேற்றம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

பல்வழிச் சிக்கல்

கோபுரத்திலிருந்து புறப்படும் ரேடியோ அலை நேர்வழியில் மட்டும் வருவதில்லை. சுவரிலும் பேருந்திலும் குன்றிலும் நீர்ப்பரப்பிலும் மோதித் திரும்பிய பல நகல்கள் சற்று முன்பின்னாக வந்து சேர்கின்றன. ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் ஒரே இடத்தில் சந்தித்தால் சிக்னல் அங்கே ஏறக்குறைய அற்றுப்போகும். இதற்கு மங்கல் என்று பெயர். இடம் சிறிதளவு மாறினாலே நிலைமையும் மாறிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; அதில் பாதி தூரம் நகர்ந்தாலே மங்கிய சிக்னல் மீண்டும் எழலாம். அறைக்குள் ஓர் இடத்தில் அறுந்த அழைப்பு ஓரடி தள்ளி நின்றால் கிடைப்பது இதனால்தான்.

ரேடியோ தோன்றிய நாள் முதல் 1990கள் வரை பல்வழிப் பரவலைப் பெரும்பாலும் தொல்லையாகவே பொறியாளர்கள் கருதினர். அந்தத் தொல்லையை எப்படித் தவிர்த்தார்கள், பிறகு எப்படித் தாங்கினார்கள், கடைசியில் எப்படிப் பயனாக்கிக் கொண்டார்கள் என்பதே மைமோவின் வரலாறு.

இரண்டாவது ஆண்டெனா

பல ஆண்டெனாக்களைச் சேர்த்து அலையை ஒரு திசையில் குவிக்கலாம் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1905இல் செய்து காட்டினார். 1909இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்.

மங்கலுக்கு மருந்தாகப் பல ஆண்டெனாக்களை வைப்பது 1920களில் தொடங்கியது. அட்லாண்டிக் கடந்த சிற்றலைத் தொடர்பில், மேலே உள்ள அயன மண்டலம் நொடிக்கு நொடி மாறுவதால் சிக்னல் எழுந்தும் விழுந்தும் வந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர்கள் ஹெரால்ட் பெவரேஜும் ஹெச். ஓ. பீட்டர்சனும், தள்ளித்தள்ளி நட்ட ஆண்டெனாக்களில் சிக்னல் ஒரே சமயத்தில் மங்குவதில்லை என்று கண்டனர். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள ரிவர்ஹெட் நிலையத்தில் அவற்றின் வெளியீடுகளைச் சேர்த்துப் பெறும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1931இல் அதை வெளியிட்டனர். கணக்கு எளிது. ஓர் ஆண்டெனாவில் சிக்னல் மங்கிக் கிடக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று என்றால், ஒன்றையொன்று சாராத இரண்டு ஆண்டெனாக்களிலும் ஒருசேர மங்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மின்திறனைக் கூட்டி இதே உறுதியைப் பெற வேண்டுமானால் சுமார் நூறு மடங்கு திறன் தேவைப்படும். நம்பகத்தன்மையில் ஆண்டெனாக்களின் எண்ணிக்கைக்கு உள்ள வலிமை இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

1937இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் ஃப்ரீஸும் சி. பி. ஃபெல்ட்மனும் சிற்றலை வரும் கோணத்துக்கேற்பத் திசை திருப்பக்கூடிய ஆண்டெனா வரிசையை அமைத்தனர். மங்கலைத் தாங்கும் இந்த முறைகளில் பல ஆண்டெனாக்கள் ஏற்கும் பக்கத்தில் மட்டுமே இருந்தன. கிடைத்த பயன் உறுதி மட்டுமே, வேகம் கூடவில்லை.

ராணுவத் தேவை

எதிரியின் ஜாமரையும் (இடையூறு அலை பரப்பும் கருவியையும்) மீறிக் கேட்க வேண்டும் என்ற ராணுவக் கட்டாயம் அடுத்த கட்டத்தைத் தந்தது. 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பால் ஹவெல்ஸ், ரேடாருக்குள் பக்கவாட்டிலிருந்து நுழையும் இடையூற்றைத் துணை ஆண்டெனாவின் உதவியால் தானாகவே கழித்துவிடும் சுற்றமைப்பை உருவாக்கினார். சிட்னி ஆப்பிள்பாம் 1966இல் அதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டார். 1967இல் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய குழுவும் தகவமையும் ஆண்டெனா வரிசையைக் கணினி நிரலுக்கு ஏற்ற வடிவில் விளக்கினர். ஜாமர் இருக்கும் திசையில் செவிடாகவும் நண்பன் இருக்கும் திசையில் கூர்மையாகவும் ஆண்டெனா தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் முறை இது.

இதே காலத்தில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ராபர்ட் பிரைஸும் பால் கிரீனும் 1958இல் ரேக் ஏற்பியை வெளியிட்டனர். முன்பின்னாக வரும் நகல்களைத் தனித்தனியே பிடித்து, காலத்தைச் சரிசெய்து, கூட்டிவிடும் கருவி அது. பல்வழிப் பரவலைத் தள்ளிவிடாமல் பயன்படுத்த முடியும் என்பதற்கு அது முதல் சான்று. ராணுவத்துக்காகச் செய்த அந்தக் கருவி 1990களில் சி.டி.எம்.ஏ. செல்போன்களுக்குள் வந்து சேர்ந்தது.

ஆரோக்கியசாமி பால்ராஜ்

மைமோவின் மையக் கருத்தான இடவழிப் பன்மையாக்கலுக்கு (ஒரே அலைவரிசையில் பல ஓடைகளை அனுப்புவதற்கு) முதல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவரான ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். 15 வயதில் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து இந்தியக் கடற்படை அதிகாரியானார். டில்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ஹாங்கோர், டையூ கடற்கரைக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது, 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியக் கப்பல்களில் இருந்த, நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனார் கருவிகளின் பலவீனம் அந்த இழப்பில் வெளிப்பட்டது. பழைய பிரிட்டிஷ் சோனாரைச் செம்மைப்படுத்தும் பணி பால்ராஜிடம் வந்தது. பின்னர் கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்தில் அப்சோ என்ற சோனாரை உருவாக்கிய குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1980களின் தொடக்கத்தில் அது போர்க்கப்பல்களில் ஏறியது.

சோனாரில் ஒலி ஏற்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் கேட்பதை வெவ்வேறு தாமதத்துடன் கூட்டி, ஒலி வரும் திசையைக் கண்டறிவார்கள். கடலடியிலும் நீர்ப்பரப்பிலும் மோதிவரும் எதிரொலிகள் அங்கே ஏராளம். ரேடியோ ஆண்டெனா வரிசையின் கணிதமும் இதுவேதான். கடலில் கற்ற பாடம் வானத்துக்குப் போனதைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. அலை ஒலியானாலும் மின்காந்தமானாலும் சமன்பாடுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1980களின் நடுவில் பால்ராஜ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்தின் குழுவில் பணியாற்றியபோது, அலை வரும் திசையைக் கணிக்கும் எஸ்பிரிட் என்ற புகழ்பெற்ற கணிப்பு முறையை ரிச்சர்ட் ராய், கைலாத் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கினார். கமடோராகக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று 1990களின் தொடக்கத்தில் மீண்டும் ஸ்டான்ஃபோர்டு சென்றார். ஒரே அலைவரிசையில் வரும் பல சிக்னல்களை வான்வழி வேவுக்காகப் பிரித்தெடுக்கும் ஆய்வு அங்கே நடந்தது. இரண்டு செலுத்திகள் அருகருகே இருந்தால் பிரிப்பது கடினம் என்பது எதிர்பார்ப்பு. சுற்றுப்புறத்தில் அலை சிதறும்போது பிரிப்பது எளிதாவதை அவர் கவனித்தார். அப்படியானால் ஒரே தரவை வேண்டுமென்றே பல துண்டாக்கி, பல ஆண்டெனாக்களில் ஒரே அலைவரிசையில் அனுப்பினால் என்ன? 1992இல் கைலாத்துடன் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. துறையில் பலர் இதை முதலில் நம்பவில்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு செலுத்திகள் பேசினால் குழப்பமே மிஞ்சும் என்பது அன்றைய பொது அறிவு.

பிரிக்க முடிவதன் காரணத்தைப் பள்ளிக் கணிதத்திலேயே சொல்லலாம். இரண்டு ஆண்டெனாக்கள் அனுப்பும் இரண்டு எண்கள் தெரியாதவை. ஏற்கும் இரண்டு ஆண்டெனாக்களும் அவற்றின் இரண்டு வெவ்வேறு கலவைகளைக் கேட்கின்றன. கலவையின் விகிதத்தை, முன்கூட்டியே தெரிந்த சோதனைச் சிக்னல் ஒன்றை அனுப்பி அளந்துகொள்ளலாம். பிறகு இரண்டு சமன்பாடுகளிலிருந்து இரண்டு விடைகள். இரண்டு கலவைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மட்டும் கணக்குத் தீராது. அலை பல பக்கம் சிதறினால்தான் கலவைகள் வேறுபடும். பழைய பொறியாளர்கள் வெறுத்த சுவரும் தூணும் இங்கே துணைக்கு வருகின்றன.

கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைச் சொல்வது நியாயமாகாது. பெல் ஆய்வகத்தின் ஜாக் வின்டர்ஸ் 1987இலேயே, மங்கல் உள்ள சூழலில் ஆண்டெனாக்களின் எண்ணிக்கைக்கேற்பத் தனித்தடங்கள் கிடைக்கும் என்று கணக்கிட்டிருந்தார். முழு உருவம் பலர் கைகளில் திரண்டது. ஆயினும் இடவழிப் பன்மையாக்கலை ஒரு தொடர்பு முறையாக முன்வைத்து, பின்னர் கருவியாகவும் செய்து காட்டியதில் பால்ராஜின் பங்கு தனித்தே நிற்கிறது. 2010இல் பத்ம பூஷணும், 2011இல் ஐ.இ.இ.இ. அமைப்பின் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கமும், 2014இல் மார்க்கோனி பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன.

கோட்பாடும் வரம்பும்

1948இல் கிளாட் ஷானன் வகுத்த விதிப்படி ஒரு தடத்தின் கொள்ளளவு சிக்னல் திறனுக்கு மடக்கை விகிதத்தில்தான் உயரும். சிக்னல் இரைச்சலைப் போல 1,000 மடங்கு இருந்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 10 பிட். திறனை இருமடங்காக்கினால் 11 பிட். செலவு இரட்டிப்பு, லாபம் ஒரு பிட். 1995இல் எம்ரே தெலதாரும் 1996இல் ஜெரார்ட் ஃபொஷினியும், இருவரும் பெல் ஆய்வகத்தினர், இந்தச் சுவரைத் தாண்டும் வழியைக் கணிதத்தால் நிறுவினர். சிதறல் மிகுந்த சூழலில் இரு பக்கமும் நான்கு நான்கு ஆண்டெனாக்கள் இருந்தால், மொத்தத் திறனைக் கூட்டாமலே கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேல் உயரும். 1998இல் அதே ஆய்வகத்தின் வி-பிளாஸ்ட் சோதனை, கட்டடத்துக்குள் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20 முதல் 40 பிட் வரை அனுப்பிக் காட்டியது.

அதே 1998இல் சியாவஷ் அலமூட்டி, இரண்டு செலுத்தும் ஆண்டெனாக்களையும் இரண்டு நேரக்கூறுகளையும் கொண்டு உறுதியைக் கூட்டும் குறியீட்டை வெளியிட்டார். முதல் நேரக்கூறில் இரண்டு குறிகளை அனுப்பி, அடுத்ததில் அவற்றையே இடம் மாற்றி, குறி திருப்பி அனுப்புவதுதான் முறை. ஏற்கும் கருவி சிறு பெருக்கல், கூட்டல், கழித்தலிலேயே அவற்றைப் பிரித்துவிடும். இவ்வளவு எளிய வடிவில் இவ்வளவு பயன் தரும் முறை பொறியியலில் அரிது. 3ஜி தரநிலையில் அது உடனே இடம்பிடித்தது.

வேகம் வேண்டுமா, உறுதி வேண்டுமா என்ற கேள்விக்கு விடை 2003இல் கிடைத்தது. இரண்டும் ஒரே கருவூலத்திலிருந்து எடுக்கப்படுபவை என்று லிஜோங் ஜெங்கும் டேவிட் ட்சேயும் நிறுவினர். நான்குக்கு நான்கு ஆண்டெனா அமைப்பில் வேகத்தைப் பெருக்காமல் விட்டால் 16 மடி உறுதி கிடைக்கும். வேகத்தை ஒரு படி ஏற்றினால் உறுதி 9ஆகக் குறையும். இரண்டு படி ஏற்றினால் 4. நான்கு படியும் ஏற்றினால் எதுவும் மிஞ்சாது. திரைப்படம் பார்ப்பவருக்கு வேகம் வேண்டும். உத்தரவுக்காகக் காத்திருக்கும் படைப்பிரிவுக்கு, மெதுவாக வந்தாலும், வந்தே தீரும் செய்தி வேண்டும். ஒரே கருவி இரு பக்கமும் சாயக்கூடியது என்பதால்தான் மைமோ குடிமக்களுக்கும் ராணுவத்துக்கும் பொதுவானது.

சந்தைக்கு வந்தது

பால்ராஜ் 1998இல் தொடங்கிய ஐயோஸ்பான் நிறுவனமும், கிரெக் ராலி 2001இல் தொடங்கிய ஏர்கோ நிறுவனமும் இதைச் சில்லுகளாக்கின. முன்னதன் தொழில்நுட்பத்தை இன்டெல் 2003இலும், பின்னதைக் குவால்காம் 2006இலும் வாங்கின. 2009இல் நிறைவுற்ற வைஃபை தரநிலை 802.11என், நான்கு ஓடைகளுடன் நொடிக்கு 600 மெகாபிட் வரை இடம் தந்தது. முந்தைய தலைமுறையில் அது 54. அகலமான தடமும் இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்றாலும் பெரும்பங்கு மைமோவினுடையது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய எல்.டி.இ. (4ஜி) சேவை மைமோவை அடிப்படையிலேயே கொண்டிருந்தது.

கைப்பேசியில் நிறைய ஆண்டெனாக்களை வைக்க இடமில்லை, கோபுரத்தில் வைக்கலாம். 2010இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா, கோபுர ஆண்டெனாக்களை நூற்றுக்கணக்கில் பெருக்கினால் ஒவ்வொரு பயனருக்கும் தனிக்கற்றை அமைத்து, ஒரே அலைவரிசையில் பலரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று காட்டினார். 2016இல் பிரிஸ்டல், லுண்ட் பல்கலைக்கழகங்கள் 128 ஆண்டெனாக்களுடன் 22 பயனர்களுக்கு ஒரே நேரத்தில் சேவை தந்து, ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 145.6 பிட் எட்டின. 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கிய 5ஜி சேவையின் நடு அலைக்கற்றைக் கோபுரங்களில் உள்ள, 32 அல்லது 64 செலுத்து-ஏற்பு இணைகள் கொண்ட பலகைகள் இந்த ஆய்வின் நேர் வாரிசுகள்.

போர்முனையில்

படைப்பிரிவுக்குக் கோபுரம் கிடையாது. ஒவ்வொரு ரேடியோவும் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்த வேண்டும். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா 1970களில் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் சோதித்த பொட்டல ரேடியோ வலையமைப்பே இதற்கு முன்னோடி. 2000களில் அதே டார்பா, நகரும் கண்ணி வலையமைப்புகளில் மைமோவைச் சேர்க்கும் ஆய்வுகளுக்குப் பொருளுதவி செய்தது. சில்வஸ், பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்களின் கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. சுரங்கத்திலும், கட்டடத்துக்குள்ளும், கப்பலின் இரும்பு அறைகளிலும் இவை சிறப்பாக இயங்குகின்றன, அங்கே சிதறல் மிகுதி என்பதால். தீயணைப்புப் படையினரும் மீட்புக் குழுவினரும் இவற்றை நாடுவது அதே காரணத்தால்தான்.

வானில் நிலைமை வேறு. ட்ரோனுக்கும் தரைநிலையத்துக்கும் இடையே வெட்டவெளியில் சிதறல் குறைவு. கலவைகள் ஒன்றுபோலாகி, ஓடைகளின் எண்ணிக்கை வீழ்கிறது. கிடைத்தளத்திலும் செங்குத்தாகவும் முனைவாக்கிய இரண்டு ஆண்டெனாக்களைக் கொண்டு இரண்டு ஓடைகளைக் காப்பாற்றலாம். அதற்கு மேல் கடினம். ஆண்டெனாக்களில் ஒரு பகுதியை ஜாமரை அடக்கச் செலவிட்டால் வேகத்துக்கு மிஞ்சுவது இன்னும் குறையும். ஜாமிங் மிக வலுவாக இருக்கும் இடத்தில் எந்த ரேடியோவும் தோற்கும். உக்ரைன் போரில் 2024 முதல் ஒளியிழைக் கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்கள் பரவியதற்குக் காரணம் அதுவே.

தீராதவை

ஒவ்வொரு பயனரின் தடத்தையும் அளக்கும் சோதனைச் சிக்னல்கள் எண்ணிக்கையில் குறைவு. பக்கத்துக் கோபுரமும் அவற்றையே பயன்படுத்தும்போது அளவீடு மாசுபடுகிறது. மார்செட்டாவின் கட்டுரையே இதை முதன்மை வரம்பாகச் சுட்டியது. வேகமாக ஓடும் ரயிலில் இருப்பவரின் தடம் அளந்து முடிப்பதற்குள் மாறிவிடுகிறது. மின்செலவு மற்றொன்று. ஒவ்வோர் ஆண்டெனா இணைக்கும் தனிப் பெருக்கியும் மாற்றியும் தேவைப்படுவதால், 64 இணைப் பலகை பழைய கோபுரக் கருவிகளைவிட அதிக மின்சாரம் கேட்கிறது. ஒரு பிட்டுக்கு ஆகும் செலவு குறைந்தாலும் மொத்தக் கட்டணம் ஏறுகிறது. அதனால் பயன்பாடு குறையும் பின்னிரவில் பலகையின் ஒரு பகுதியை அணைத்துவைத்து, காலையில் மீண்டும் இயக்கும் நிரல்களைச் சேவை நிறுவனங்கள் இப்போது பயன்படுத்துகின்றன.