ஆசிரியர் யாருக்குக் கணக்கு ஒப்பித்தார்

தமிழகத்தில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே செய்தி சென்று வந்த வழிகளின் வரலாறு, ஆசிரியருக்குப் படியளந்தவர் யார் என்ற வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. ஊதியம் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் கணக்கும் ஒப்பிக்கப்பட்டது; வகுப்பில் என்ன நடக்கிறது, பிள்ளையிடம் பள்ளி எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பெற்றோர் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைந்தது. இன்று நடுநிலை வகுப்புகள் என்று வழங்கும் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் இந்த உறவு அதிக ஏற்ற இறக்கங்களைக் கண்டிருக்கிறது. தொடக்க வகுப்புப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வரும் தாய்க்கு ஆசிரியரின் முகம் தெரியும்; பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தேர்வு முடிவோ ஊருக்கே தெரிந்துவிடும். இடைப்பட்ட மூன்றாண்டுகளில்தான் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவே திரை விழுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய திரை இருக்க வழியில்லை. ஊரார் சிலர் கூடி ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ பிள்ளைகளை உட்காரவைத்து நடத்திய பள்ளியே திண்ணைப் பள்ளிக்கூடம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் விவரம் கேட்டார். வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பு, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இயங்கியதாகக் கூறுகிறது. சென்னை நகரில் பள்ளிக்குச் சென்றவர்களைப்போல் ஐந்து மடங்கினர் வீட்டிலேயே பாடம் கேட்டதாக ஆட்சியர் தெரிவித்திருந்தார். அந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எண்ணில் பிழை இருப்பினும், வீடும் பள்ளியும் அன்று தெளிவாகப் பிரிந்த இரண்டு இடங்களாக இருக்கவில்லை என்பதற்கு அது சான்றாகிறது.

திண்ணைப் பள்ளி ஆசிரியரின் வருவாய் மாதந்தோறும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து நெல்லாகவும் காசாகவும் வந்தது. அறுவடைக் காலத்திலும் பண்டிகை நாள்களிலும் தனியே சில கொடைகள் உண்டு. ஆகவே பிள்ளை என்ன கற்றான் என்பதை அவர் காட்டியாக வேண்டிய இடமும் வீடுதான். இதற்கெனத் தாளோ அட்டையோ தேவைப்படவில்லை. எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலையும், நெல்லின் அளவைகளைக் கற்பிக்கும் நெல்லிலக்கத்தையும், ஆத்திசூடி போன்ற நீதி நூல்களையும் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனனம் செய்தார்கள். தெருவில் போவோர் காதில் விழும்படி பாடம் நடந்ததால், எந்தப் பிள்ளை எதுவரை வந்திருக்கிறான் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது. மாலையில் கலையும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்ப, அதை மறவாமல் மறுநாள் காலையில் அவன் ஒப்பிக்க வேண்டியிருந்தது. இரவெல்லாம் அந்தப் பெயர் வீட்டிலும் ஒலித்துக்கொண்டிருக்கும். வீட்டுப்பாடம் என்று பின்னாளில் பெயர்பெற்றதன் பழைய உருவம் இது எனலாம். பிள்ளை கற்ற கணக்கும் எழுத்தும் ஏட்டோடு நின்றுவிடவில்லை. களத்து மேட்டில் நெல் அளக்கும்போதும், வந்த ஓலையைத் தகப்பனுக்குப் படித்துக் காட்டும்போதும் பிள்ளையின் தேர்ச்சி வெளிப்பட்டது.

பள்ளி தன் எதிர்பார்ப்பை வீட்டுக்கு உணர்த்திய முறைகள் எல்லாம் மென்மையானவை அல்ல. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், காலையில் முதலாவதாக வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டதையும், இரண்டாமவனுக்குச் சுழி இடப்பட்டதையும், மூன்றாமவனுக்கு இலேசாக ஓர் அடியும் அடுத்து வருவோருக்கு ஒவ்வொன்றாகக் கூடும் அடிகளும் விழுந்ததையும் விவரிக்கிறார். பிள்ளையின் கையைப் பார்த்தாலே அவன் எத்தனையாவதாகப் போய்ச் சேர்ந்தான் என்பதை வீடு தெரிந்துகொள்ளும் ஏற்பாடாகவும் இது இருந்திருக்கும். வராத பிள்ளையைத் தேடிப் பிடித்து வரும் பொறுப்பு சட்டாம்பிள்ளையுடையது. ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்து இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனுக்கே அந்தப் பெயர். அவன் வீட்டு வாசலில் வந்து நின்றால் பள்ளியே வந்து நிற்பதாகப் பொருள். எழும்பூர் ஆண் அநாதைகள் காப்பகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு தம் காப்பகத்திலும் அதைப் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டபின் அது ‘மதராஸ் முறை’ என்று அங்கே பரவியது. பெல்லின் முறை வகுப்பறையோடு நின்றது. வீடு தேடிச் செல்லும் சட்டாம்பிள்ளையின் வேலைக்கு அதில் இடமில்லை.

நவராத்திரியையொட்டி நடந்த வீட்டுவலம் இந்த உறவின் உச்சம். மகாநவமி நாள்களில் ஆசிரியர் பிள்ளைகளை உடுத்தி அணிசெய்து, கோலாட்டக் கழிகளோடு வீடுவீடாக அழைத்துச் செல்ல, அவர்கள் பாட்டுப் பாடி ஆடிக் காட்டியதும் வீட்டுக்காரர்கள் ஆசிரியருக்குப் பணமும் துணியும் வழங்கினார்கள். இதை ஆசிரியரின் இரந்துண்ணும் பிழைப்பு என்று பிற்காலச் சீர்திருத்தவாதிகள் இகழ்ந்தது முழுவதும் நியாயமாகாது. ஆண்டுக்கொரு முறை கற்றவர்களைக் கற்பித்தவரே நேரில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய நிகழ்ச்சி, இன்றைய ஆண்டுவிழாவும் பெற்றோர் தினமும் சேர்ந்தாலும் எட்டாத அளவுக்கு ஒளிவுமறைவற்றது.

எனினும் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது வரலாறு ஆகாது. மன்றோவின் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் ஏற இடம் இல்லை. பள்ளியோடு பேச்சுவார்த்தை வைத்திருந்த வீடுகள் ஊரில் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சிய வீடுகளுக்குப் பள்ளியிலிருந்து எந்தச் செய்தியும் வந்ததில்லை.

1854இன் உட் கல்வி அறிக்கைக்குப் பின் நிலைமை மெல்லத் தலைகீழாயிற்று. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறை வந்தது. சென்னை மாகாணத்தில் அது நெடுங்காலம் ‘ரிசல்ட் கிராண்ட்’ என்ற வடிவில், அதாவது ஆய்வாளர் நடத்தும் தேர்வில் தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் அளிக்கும் முறையாக நிலவியது. திண்ணைப் பள்ளிகள் பலவும் இந்த மானியத்துக்காகத் தம்மை மாற்றிக்கொண்டன. அன்று முதல் ஆசிரியர் அஞ்ச வேண்டியவர் பிள்ளையின் தகப்பனல்லர், குதிரையிலோ வண்டியிலோ ஆண்டுக்கொரு முறை வந்திறங்கும் இன்ஸ்பெக்டர். வருகைப்பதிவேடும் சேர்க்கைப் பதிவேடும் அவர் பார்ப்பதற்காக எழுதப்பட்டன. பள்ளியில் தாள் பெருகப் பெருக, அந்தத் தாளில் எழுதப்பட்டது வீட்டுக்குத் தெரியாமலே போயிற்று. பாடமும் ஆங்கிலம், பூகோளம், சரித்திரம் என்று விரிந்ததால், களத்து மேட்டில் வைத்துப் பிள்ளையைச் சோதிக்கும் திறனையும் தகப்பன் இழந்தான். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் விரும்பினால் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர வழிசெய்தபோது, பிள்ளையை அனுப்பத் தவறிய பெற்றோருக்குத் தண்டம் விதிக்கவும் இடமளித்தது. ஆசிரியருக்குப் படியளந்த வீட்டுக்கு இப்போது பள்ளியிடமிருந்து கிடைக்கக்கூடியது எச்சரிக்கைச் சீட்டு.

நடுநிலை வகுப்புகள் இக்காலத்தில் இரண்டு தடங்களாகப் பிரிந்திருந்தன. உயர்நிலைப் பள்ளியில் சம்பளம் கட்டி ஆங்கிலம் படித்தவர்களுக்கு முதல் பாரம், இரண்டாம் பாரம், மூன்றாம் பாரம். ‘பாரம்’ என்பது உயர்நிலைப் பள்ளி வகுப்புக்கு அன்று வழங்கிய பெயர். ஊர்ப்புறத்து ‘ஹையர் எலிமெண்டரி’ பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைப் படித்து இ.எஸ்.எல்.சி. என்னும் தேர்வை எழுதினார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை முடிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அந்தச் சான்றிதழே பள்ளி வழங்கிய முதலும் கடைசியுமான அறிக்கை.

வகுப்பறையின் மதிப்பீட்டை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் தாளாக இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது மாணவர் தேர்ச்சி அறிக்கை; மக்கள் வாயில் ‘புரோகிரஸ் ரிப்போர்ட்’, அதன்பின் ‘ரேங்க் கார்டு’. காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்களும் வருகை நாள்களும் அதில் இடம்பெற்றன. தேறாத பாடத்தின் கீழே சிவப்பு மைக் கோடு. அடியில் வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஆகியோரின் ஒப்பத்துக்குக் கட்டங்கள். பெற்றோர் செய்ய வேண்டியதெல்லாம் ஒப்பமிடுவதுதான். எழுத்தறியாதவர் கைநாட்டு வைத்தார். பதில் எழுதவோ கேள்வி கேட்கவோ அந்த அட்டையில் இடமே விடப்படவில்லை. தகப்பனைப் போலவே கையெழுத்துப் போடப் பழகிய பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருப்பது, செய்தி போகும் வழியில் செய்திக்குரியவனையே தூதனாக வைத்ததன் தவிர்க்க முடியாத விளைவு. தரவரிசை எண் ஒன்றே வீட்டாருக்கு எளிதில் விளங்கியதால், பிள்ளைக்குக் கணக்கில் பின்னம் புரியவில்லையா, தமிழில் வாசிப்புத் திணறுகிறதா என்பதைப் பற்றி வகுப்பாசிரியர் அறிந்திருந்தது எதுவும் அந்த எண்ணைத் தாண்டி வீட்டுக்கு வரவில்லை.

பெற்றோரைப் பள்ளி வளாகத்துக்குள் மீண்டும் அழைத்த முதல் பேரியக்கம் காமராசர் ஆட்சியில் பிறந்தது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைப் பின்பற்றி, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். தத்தம் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியலிட்டு மேடையில் வைக்க, ஊரார் கட்டடமாகவும் பெஞ்சாகவும் கடிகாரமாகவும் சீருடையாகவும் அவற்றை வழங்கினார்கள். பள்ளி தன் நிலையை ஊரிடம் வெளிப்படையாகச் சொன்ன அந்த மாநாடுகளின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அங்கே சொல்லப்பட்டது பள்ளியின் குறைகள். பிள்ளையின் கல்வி பேசப்பட்டது அரிது. பெற்றோர் கொடையாளராக வரவேற்கப்பட்டார்கள், கேட்பவராக அல்ல. அதன் வழித்தோன்றலான பெற்றோர் ஆசிரியர் கழகமும் இந்தச் சாயலிலிருந்து மீளவில்லை. நிதி திரட்டியும், ஆசிரியர் இல்லாத பாடங்களுக்குக் குறைந்த ஊதியத்தில் ஆள் அமர்த்தியும் அது செய்த உதவி பெரிது என்றாலும், மாநில அளவில் அதன் பெயரைப் பெரும்பாலோர் அறிந்திருப்பது பொதுத்தேர்வுக்கான வினா வங்கி நூல்களின் அட்டையில்தான். 1970களின் பிற்பகுதிக்குப் பின் பெருகிய மெட்ரிகுலேஷன் பள்ளிகள் தம் பங்குக்கு ‘டைரி’யைக் கொண்டுவந்தன; விதிமுறைகள், விடுமுறை நாள்கள், அன்றாட வீட்டுப்பாடம், ஆசிரியர் குறிப்பு எல்லாம் அடங்கிய அந்தச் சிறு புத்தகமும் பள்ளியின் குரலையே சுமந்தது.

கற்பித்தல் முறை மாறிய ஒவ்வொரு முறையும் இந்த இடைவெளி அம்பலமாயிற்று. 2000களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் ஏணிப்படிகளில் முன்னேறினார்கள். நடுநிலை வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில், பாடத்தைப் பிள்ளைகளே படித்து மனவரைபடம் வரைந்து குழுவில் கலந்துரையாடும் முறை வந்தது. கரும்பலகையில் எழுதிப்போட்டதை நோட்டில் எழுதிவந்தால்தான் படிப்பு என்று நினைத்திருந்த வீடுகளுக்கு, பிள்ளை படம் வரைந்துவிட்டு வருவதாகவே தோன்றியது. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு எட்டாம் வகுப்பு வரை வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. வகுப்புச் செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் கொண்ட வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்து, மதிப்பெண்ணுக்குப் பதில் தரநிலை எழுத்து வழங்கப்பட்டது. நூறு மதிப்பெண்ணில் நாற்பது, வீட்டார் ஒருபோதும் கண்டிராத செயல்பாடுகளைச் சார்ந்திருந்தது. அட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்து, ‘எத்தனையாவது ரேங்க்?’ என்றுதான் வீடு கேட்டது. அந்தக் கேள்வியில் அறியாமையைக் கண்டு நகைப்பது எளிது. அரை நூற்றாண்டாகப் பள்ளி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே மொழி அதுதான். 2019இல் ஐந்தாம் எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டுக் கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டபோது, நடுநிலைப் பிள்ளையின் நிலையை வீடு அறியத் தேர்வு அல்லாத வழி எது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும்; அப்போதைய விவாதத்தில் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

இத்தனைக்கும் சட்டம் அதற்கு விடை எழுதி வைத்திருந்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை ஒழுங்காகக் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது என்பதால், கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு இந்த உரிமை இல்லை. திண்ணைப் பள்ளிக் காலத்துத் தர்க்கம் இங்கே நேர்மாறாகிவிட்டது. தமிழகத்தில் பல ஆண்டுகள் பெயரளவில் இருந்த குழுக்கள் 2022இல் புதுப்பிக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டு, அதையடுத்த மாதங்களில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2024இல் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது.

கூலி வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வரும் தாய் அங்கே முதலில் கேட்பது கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், இடைநின்ற பிள்ளைகள் ஆகியவை பற்றிய தீர்மானங்களை. அவை அவசியமானவையே. கற்றல் விளைவு, அதாவது வகுப்பு முடிவில் பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பாடந்தோறும் வகுத்த வரையறை, இன்னும் ஆசிரியர் கையேட்டின் நடையிலேயே இருப்பதால், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் அதைப் பேச்சுத் தமிழில் எடுத்துச் சொல்வது அந்தந்த ஆசிரியரின் விருப்பத்துக்கும் நேரத்துக்கும் விடப்பட்டிருக்கிறது.