12 செக்கனுக்கு முன்னால் 42 நாள்

கல்முனையில் கராஜ் பக்கம் போய் நின்றால் இந்தக் காட்சி கிடைக்கும். வேன் ஸ்டார்ட்டில் இருக்கும். மெக்கானிக் காக்கா ஸ்பனரின் ஒரு முனையை ஒல்டர்னேட்டரில் வைத்து, மறுமுனையைக் காதோடு பிடிப்பார். கொஞ்ச நேரத்தில், "பிரெக்கட் வெடிச்சிருக்கு" எண்டு சொல்லிவிடுவார்.

செஸ்னா மாதிரிச் சின்ன விமானங்களுக்கும் இதே வருத்தம்தான் வரும். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, சாமானே ரோட்டில் இருந்து போனதுதான். 1960இல் கிறைஸ்லர் கம்பனி தன் வேலியன்ட் காரில் டைனமோவை எடுத்துவிட்டு ஒல்டர்னேட்டரைப் பூட்டியது. பாரம் குறைவு, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் கரண்ட் தரும். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே செஸ்னாவில் ஃபோர்ட் வகையும் பைப்பரில் கிறைஸ்லர் வகையும் ஏறிவிட்டன.

ஆனால் விமான எஞ்சினின் அதிர்வு வேறு மாதிரி. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 தரம் சுற்றினால் செக்கனுக்கு 80 அடி விழும். ஒரு மணித்தியாலத்தில் 288,000 அடி. அவ்வளவையும் தாங்குவது ஒரு சின்ன பிரெக்கட். போல்ட் கொஞ்சம் இளகினால் துளை தேய்ந்து நீள்வட்டமாகும், அதன் ஓரத்தில் மயிர் மாதிரி ஒரு வெடிப்புத் தொடங்கும். பெல்ட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ பெயரிங் போகும். நல்லகாலம், மெக்னீட்டோ தனியாக இருப்பதால் ஒல்டர்னேட்டர் நின்றாலும் எஞ்சின் நிற்காது. ரேடியோவும் லைட்டும்தான் பற்றரி உள்ளமட்டும்.

இந்த வருத்தம் விமானத்தோடு கூடப்பிறந்தது. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் 12 செக்கன் பறந்தார்கள் எண்டு பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். அதற்கு முந்தின 42 நாளை யாரும் சொல்லித்தரவில்லை.

நவம்பர் 5. கிட்டி ஹோக்கில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார்கள். அது விட்டுவிட்டு வெடித்து உதறுகிறது. அந்த உதறலில் காற்றாடிகளைச் சுழற்றும் குழாய்த் தண்டுகள் பழுதாகின. அவற்றை டேட்டன் ஊருக்கு அனுப்ப, அங்கே அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் இன்னும் தடிப்பான குழாயில் செய்து அனுப்பினார். 20ஆம் திகதி வந்துசேர்ந்தது. பூட்டினால் செயின் பல்லுச்சக்கரம் இளகுகிறது! கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள். சைக்கிள் கடைக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அது பிடித்துக்கொண்டது. 28ஆம் திகதி பார்த்தால் தண்டிலேயே வெடிப்பு.

இந்தமுறை ஓர்வில் தானே டேட்டனுக்குப் புறப்பட்டார். குழாய் வேண்டாம், துளையில்லாத ஸ்பிரிங் உருக்குத் தண்டு எண்டு முடிவாகியது. டிசம்பர் 11இல் அதோடு திரும்பினார். ஆறு நாளில் பறந்தார்கள். முதல் தரம் 120 அடி, அன்றைய நாலாம் தரம் 852 அடி.

அந்த 12 குதிரைவலு எஞ்சினைக் கடைசல் இயந்திரத்தையும் துளைபோடும் இயந்திரத்தையும் வைத்து ஆறு வாரமளவில் செய்துமுடித்தவரும் சார்லிதான். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எனக்கு இவருடைய பெயரே போன மாதம்தான் தெரியும். 1956இல் இறந்தார். இப்போது அமெரிக்காவில் ஐம்பது வருடம் விமானம் திருத்திய மெக்கானிக்மாருக்கு அவர் பெயரில் அரச விருது கொடுக்கிறார்கள்.