பிசிறு வெட்டுபவளின் பெயர்

1998 பிப்ரவரி தொடக்கத்தில், அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் சிலர் கூடிப் பேசினார்கள். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாகச் சில நாள்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளிவரும் மென்பொருளை அதுவரை 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றே அழைத்தார்கள். கேட்டவர்களுக்கு அது இலவசம் என்றே பட்டது. அதிலிருந்த விடுதலை காதில் விழவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த கிறிஸ்டின் பீட்டர்சனிடம் வேறொரு பெயர் இருந்தது: 'ஓப்பன் சோர்ஸ்'. ஆனால் அவர் அதை நேராக முன்மொழியவில்லை. அவர் நிரலாளர் அல்லர். நிரலாளர்களின் சபையில் பெயர் சூட்டும் இடத்தில் தான் இல்லை என்ற தயக்கம். உடன் வந்திருந்த நண்பர் டாட் ஆண்டர்சன் பேச்சோடு பேச்சாக அந்தச் சொல்லைப் போட்டார். மற்றவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். பெயர் உலகமெங்கும் பரவியது. அதைச் சூட்டியவர் தன் கதையை விரிவாக எழுதி வெளியிட்டது 2018இல்தான்.

பெண் பெயர் வைத்த வீட்டுக்குள் பெண்கள் எத்தனை பேர்? ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் கணக்குச் சொன்னது. திறமூல மென்பொருள் சமூகங்களில் பெண்கள் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. விலைக்கு விற்கும் மென்பொருள் நிறுவனங்களில் 28 விழுக்காடு. சம்பளம் தரும் கதவைவிடத் 'திறந்த' கதவு நமக்குக் குறுகலாக இருந்திருக்கிறது. கதவு திறந்திருப்பதும் உள்ளே வா என்று அழைப்பதும் ஒன்றல்ல. ஊருக்குப் பொதுவான கிணறு என்று சொல்லிக்கொண்டே சிலரை இறங்கவிடாமல் வைத்திருந்த ஊர்களைப் பார்த்தவர்கள் நாம். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே 2006இல் நடந்த இன்னொரு நிகழ்ச்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணினித் திரையின் தோற்றத்தை உருவாக்கும் 'க்னோம்' என்ற திறமூலத் திட்டம், கூகுளின் கோடைகாலப் பயிற்சிக்கு மாணவர்களிடம் விண்ணப்பம் கேட்டது. வந்தவை 181. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்ட அதுவே போதுமான சாக்கு. க்னோம் அப்படிச் செய்யவில்லை. பெண்களுக்கென்றே, உதவித்தொகையோடு ஒரு கோடைத் திட்டத்தை அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அந்த இடைவெளியில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை, அழைப்பு மாறியது. அந்த விதைதான் இன்று 'அவுட்ரீச்சி' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதில் சேர்பவர்களுக்கு வழிகாட்டி உண்டு, ஊதியமும் உண்டு.

தமிழில் இந்தக் கதை எப்படி நடந்தது? பாலோ ஆல்ட்டோவில் பெயர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழில் து. நித்யா மைஎஸ்கியூஎல், லினக்ஸ் என்று ஒவ்வொன்றாக 'எளிய தமிழில்' எழுதினார். அவை யாரும் பகிரக்கூடிய மின்னூல்களாயின. பெண் எழுதிய கணினிப் பாடத்தைக் காசில்லாமல் தமிழில் படிக்கலாம் என்பது என் மாணவிகள் பலருக்கு இன்றும் புதுச் செய்தி.

எங்கள் கொங்கு மண்ணுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தை முன்னின்று நடத்திய தி. சு. அவினாசிலிங்கம் திருப்பூர்க்காரர். அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. இணையாக 1957இல் அவினாசிலிங்கம் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரியையும் தொடங்கினார். கலைக்களஞ்சியம் பேருழைப்பு, ஐயமில்லை. ஆனால் அதன் வாசல் அறிஞர்களுக்கானது. அழைக்கப்பட்டவர் எழுதினார்; மற்றவர்கள் வாங்கிப் படித்தார்கள். மனையியல் படித்த பெண் ஒருத்தி தனக்குத் தெரிந்த ஒன்றை அதில் சேர்க்க நினைத்திருந்தால் எந்தக் கதவைத் தட்டியிருப்பாள்?

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்தது அரசு. அழைக்கப்பட்ட அறிஞர் அல்லாதவரும் கலைக்களஞ்சியம் எழுதலாம் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலரும் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

நான் என் முதுகலை மாணவிகளை அழைத்துப்போவது விக்கிமூலத்துக்கு. 2016இல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் அங்கே படங்களாக ஏற்றப்பட்டன. படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றுவது எழுத்துணரி என்ற மென்பொருள். ஆயிரக்கணக்கான பக்கங்களை அதற்குள் செலுத்தி விக்கிமூலத்தில் சேர்க்க, கணியம் த. சீனிவாசன் ஒரு நிரல் எழுதித் திறமூலமாக வெளியிட்டார். இயந்திரம் படித்தது, ஆனால் தப்பும் தவறுமாகப் படித்தது.

இந்த இடத்தில்தான் நிரல் தெரியாத தமிழ் மாணவி தேவைப்படுகிறாள். 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல வளைந்த கொம்போடு நிற்கும். ணா, றா, னா வேறு வடிவில் இருக்கும். மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு மங்கிய அச்சும் உண்டு. இவற்றில் இயந்திரம் தடுமாறும். சந்தியும் யாப்பும் தெரிந்தவள் தடுமாறமாட்டாள். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே தடுத்துவிடும். எவ்வளவு பெரிய அறிஞரானாலும் இன்னொரு சோடிக் கண் வேண்டும் என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். பேராசிரியர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை அன்னூரிலிருந்து வரும் முதலாண்டு மாணவி பச்சையாக்குகிறாள். எந்த வகுப்பறையிலும் நடக்காத சமத்துவம் இது.

"இதெல்லாம் திறமூலப் பங்களிப்பா, மேடம்? நிரல் எழுதறதுதானே பங்களிப்பு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கான விடை திருப்பூரில் இருக்கிறது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் இருப்பார், டெய்லர் இருப்பார். பக்கத்தில் கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுவது என்று பெண்கள் இருப்பார்கள். ஓட்டை கண்டுபிடித்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்காமல் ஒரு சட்டைகூடக் கப்பலேறாது. ஆனாலும் கூலியில் அவர்கள் கீழே, மதிப்பில் அதற்கும் கீழே. மென்பொருள் உலகமும் இதே ஏணியை வைத்திருக்கிறது. நிரல் எழுதுபவர் மாஸ்டர். சோதிப்பவர், வழு சொல்பவர், கையேடு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் எல்லாம் 'உதவி'. ஏணியை வைத்தது யார் என்று கேட்காமல் நாமும் அதை ஏற்றுக்கொண்டால், பீட்டர்சனின் தயக்கம்தான் நம் மாணவிக்கும் வாய்க்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அது பெண்ணியக் கேள்வி. வீட்டில் கூலியில்லாமல் உழைப்பவளை இன்னொரு கூலியில்லா வேலைக்குக் கூப்பிடலாமா? தன்னார்வம் என்பது ஓய்வு நேரம் உள்ளவர்களின் சொல். சமையலும் பிள்ளையும் முடித்தபின் மிச்சமிருக்கும் அரைமணி நேரத்தை அந்தச் சொல் கணக்கில் எடுப்பதில்லை. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை எடுத்த கணக்கில், உலகெங்கும் விக்கிப்பீடியாவில் எழுதுவோரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பெண்கள் இல்லை. இதற்கு நேரமும் ஒரு காரணம். ஆகவே கல்லூரிகள் இந்த வேலைக்கு மதிப்பெண் தரவேண்டும், கணினி அறையை மாணவிகளுக்குத் திறந்துவைக்க வேண்டும். அவுட்ரீச்சிபோல ஊதியம் தரும் திட்டங்கள் தமிழிலும் வேண்டும் என்று கேட்பேன். கேட்டுக்கொண்டே உள்ளேயும் போகச் சொல்வேன்.

காரணம், பெயர். திருப்பூர்ச் சட்டையின் கழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். பிசிறு வெட்டியவளின் பெயர் இராது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலும் அதே கதைதான்: பதிப்பாசிரியர் பெயர் அட்டையில், படியெடுத்தவரும் ஒப்புநோக்கியவரும் முன்னுரையின் நன்றிப் பத்தியில், சிலவேளை அங்கேயும் இல்லை. திறமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு கோப்புக்கும் 'வரலாறு' உண்டு. ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்தாலும் யார், எந்த நாள், எந்த மணி என்று பதிவாகும். சொந்தப் பெயரில் வரப் பாதுகாப்பில்லை என்று நினைப்பவள் தானே ஒரு புனைபெயர் சூட்டிக்கொள்ளலாம். அந்தப் பெயரின் கீழ் அவள் உழைப்பு சேர்ந்துகொண்டே போகும். கூலி தராத உழைப்பிலும் பெயரை அழிக்காத உழைப்பு வேறு.

ஆகவே புதிதாக வருபவளுக்குச் சில சொற்கள். ஒரு பக்கத்தில் தொடங்கு. முழு நூலை ஏற்காதே. விக்கிமூலத்தில் சிவப்புப் பக்கம் ஒன்றை எடுத்து மஞ்சளாக்கு; பிறர் மஞ்சளாக்கியதைப் பச்சையாக்கு. எழுத்துணரி ஒரே எழுத்தில் திரும்பத் திரும்பத் தவறினால், எந்த நூல், எந்தப் பக்கம், எதை எதுவாகப் படித்தது என்று குறித்து நிரல் எழுதியவர்களுக்கு அனுப்பு. அதற்குப் பெயர் வழு அறிக்கை. அதை எழுதத் தெளிவான உரைநடை போதும். விக்கி மென்பொருளின் பொத்தான்களிலும் செய்திகளிலும் உள்ள தமிழ், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது; அங்கே 'அவன்' என்று ஒரு வரி உன்னை விலக்கினால் 'அவர்' என்று மாற்று. மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்து உன் குரலைக் கொடு. ஆண் குரல்களை மட்டும் கேட்டு வளரும் இயந்திரத்துக்கு உன் அம்மாவின் கொங்குத் தமிழ் புரியாது. உன் திருத்தத்தை யாரேனும் நீக்கினால் ஏன் என்று பேச்சுப் பக்கத்தில் கேள். பதில் சொல்வது அவர்கள் கடமை; கேட்பது உன் உரிமை.

நிரல் கற்க விரும்பினால் அதையும் கற்றுக்கொள். ஆனால் கற்று முடித்த பிறகுதான் வாசலில் கால் வைக்க வேண்டும் என்று காத்திராதே. அந்த வாசலுக்குப் பெயர் வைத்தவளே நிரல் எழுதியவள் அல்ல.