நான்கு கம்பி, மூன்று விரல், ஏழு சுரம்

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, கையில் சின்ன கிட்டார் போன்ற ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். "கிட்டார் இல்ல தாத்தா, இது உகுலேலே" என்று திருத்தினாள். ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஜாடி மாவடுவும் இரண்டு டப்பா முறுக்கும் பெட்டியை நிறைத்துவிட்டதால், வாத்தியம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. போவதற்கு முன் எனக்கு மூன்று கார்டு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

தினமும் காலை நடை முடிந்ததும் அரை மணி நேரம் அதை மீட்டுகிறேன். எதிர்வீட்டு நண்பர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "எழுபது தாண்டியாச்சு, இந்த வெள்ளைக்காரன் பொம்மை உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் அது மனதில் தைத்தது. அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொம்மையின் ஊரைப் பார்ப்போம். அட்லாண்டிக் கடலில் போர்ச்சுக்கீசியருக்கு மதேரா என்றொரு தீவு. அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் புறப்பட்ட நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, 'ரேவன்ஸ்க்ராக்' என்ற கப்பல் 1879 ஆகஸ்ட் 23 அன்று பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவின் ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. மலேயாவுக்கும் இலங்கைக்கும் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம் ஜனங்களின் கதையும் ஏறக்குறைய இதுதானே! அந்த மதேராக்காரர்கள் கையோடு கொண்டுவந்த சின்னஞ்சிறு நான்கு கம்பி வாத்தியத்தின் பெயர் மஷேட்டி. இரவு நேரங்களில் தெருவில் உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்க ஊர் கூடியது என்று அக்காலச் செய்தித்தாளே எழுதியிருக்கிறது.

அதே கப்பலில் மூன்று தச்சர்களும் வந்திருந்தார்கள்: மானுவல் நூனிஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ. மேசை நாற்காலி செய்து பிழைத்த இவர்கள், அந்த ஊர் 'கோவா' மரத்தில் இந்த வாத்தியத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்த மரம் நம் கரிசல் காட்டு வேல மரங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஹவாய் மக்கள் வைத்த பெயர்தான் உகுலேலே. 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. கம்பிகளின் மேல் விரல்கள் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அவர்களுடைய கடைசி அரசி லிலியுவோகலானி மட்டும், 'இங்கே வந்து சேர்ந்த பரிசு' என்று அதற்குப் பொருள் சொன்னார்.

அந்த அரசியின் அண்ணன் கலாகாவா மன்னர்தான் இந்த ஏழைகளின் வாத்தியத்தை அரண்மனைக்குள் அழைத்துவந்தவர். தானும் வாசித்தார், ஹுலா நடனத்துக்கும் அதைச் சேர்த்தார். 1881-இல் உலகத்தைச் சுற்றிவந்தபோது அவர் கல்கத்தாவும் பம்பாயும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

நம் மதுரைக்கும் அந்தத் தீவுக்கும் இருக்கும் உறவு எனக்கே வியப்பாக இருந்தது. பாஸ்டன் நகரிலிருந்த ஒரே மிஷன் சங்கம்தான் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும், 1820-இல் ஹவாய்க்கும், 1834-இல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. இங்கே அவர்கள் பசுமலையில் பள்ளியும் கல்லூரியும் வைத்தார்கள். கலாகாவா இந்தியா வந்த அதே 1881-ஐத்தான் நம் அமெரிக்கன் கல்லூரி தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகிறது. ஹவாயில் கதை வேறு விதமாகப் போயிற்று. 1893-இல் அரசியைப் பதவியிலிருந்து இறக்கிய வியாபாரிகள் கூட்டத்தில் மிஷனரிகளின் வாரிசுகளும் இருந்தார்கள். 1898-இல் தீவு அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டது. ராஜ்யம் போன பிறகும் வாத்தியம் போகவில்லை. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்ததைக் கேட்டு அமெரிக்கா முழுவதும் அதன் மேல் பைத்தியமானது. ஆக, இது வெள்ளைக்காரன் பொம்மை என்பது பாதி உண்மைதான். நாட்டை இழந்த ஒரு ஜனம் கைவிடாமல் வைத்திருந்த சொத்து அது.

இனி, வெளியூர் வாத்தியம் நமக்கு ஆகுமா என்ற கேள்வி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். பின்னாளில் நமக்குத் தெற்கே எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா? அண்ணன் தீட்சிதரோ, ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் போட்டு நொட்டுஸ்வரமாக்கிவிட்டார். நம் காலத்தில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் செய்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்மோனியத்தின் கதை எனக்குச் சொந்தக் கதை. 1842-இல் பாரிஸ் நகரத்தில் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டி, சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய காலத்தில் தமிழ் நாடக மேடையின் உயிராக இருந்தது. கமகம் வராது என்று 1940-இல் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கிவைத்தது. அந்த விலக்கு முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஆனால் ஊர்த் திருவிழா நாடகங்களில் யாரும் அதை விலக்கவில்லை. என் தகப்பனார் அப்படி ஊர் ஊராகப் போய் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். திருவிழா இல்லாத மாதங்களில் வீட்டில் இருப்பார். பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். "படிப்பு கெடும்" என்று என்னைத் தொட விடமாட்டார். நான் பி.யு.சி. சேர்ந்த ஆண்டு, ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது துணி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என் கல்லூரிப் பணம் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நான் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை.

சரி, இதை வாசிப்பது எப்படி? நான்கும் நைலான் கம்பி, ஆகவே விரலை அறுக்காது. மேலிருந்து கீழாக ஜி, சி, இ, ஏ என்று சுருதி. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ப, ஸ, க, த. முதலில் வரும் 'ப' அடுத்த 'ஸ'வைவிட உயரமாக ஒலிக்கும், அதுதான் இதன் தனிக்குணம். கம்பிகளின் குறுக்கே வீணையில் உள்ளதுபோல மெட்டுகள் உண்டு. கடைசிக் கம்பியின் மூன்றாவது மெட்டை மோதிர விரலால் அழுத்தி, நான்கு கம்பியையும் மேலிருந்து கீழாக ஒரு வருடு வருடினால் சி கார்டு வந்துவிட்டது. முதல் கம்பியின் இரண்டாவது மெட்டில் நடுவிரல், மூன்றாவது கம்பியின் முதல் மெட்டில் ஆள்காட்டி விரல் வைத்தால் எஃப். ஜி கார்டுக்கு மூன்று விரல் வேண்டும்: இரண்டாவது கம்பியிலும் கடைசிக் கம்பியிலும் இரண்டாவது மெட்டு, மூன்றாவது கம்பியில் மூன்றாவது மெட்டு. ஆரம்பத்தில் இந்த ஜி-தான் என்னை அழவைத்தது.

இந்த மூன்றையும் நம் கணக்கில் எழுதிப் பார்த்தேன். சி என்பது ஸ-க-ப. எஃப் என்பது ம-த-ஸ. ஜி என்பது ப-நி-ரி. மூன்றையும் கூட்டினால் ஸ ரி க ம ப த நி ஏழும் வந்துவிடுகின்றன, அதுவும் அப்படியே தீர சங்கராபரணம், 29-ஆவது மேளம்! நாம் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மாலையாக்குகிறோம். அவர்கள் மூன்று மூன்றாகச் சேர்த்துக் கொத்தாக வைக்கிறார்கள். பூ என்னவோ ஒன்றுதான்.

வலது கைக்கு ஒரே விதிதான். கார்டு மாற்றத் தடுமாறினாலும் வருடும் கை நிற்கக் கூடாது. ஆள்காட்டி விரலின் நகம் கீழே போகும்போது படட்டும், சதை மேலே வரும்போது படட்டும். தப்பான கார்டைக் கேட்பவர் மன்னித்துவிடுவார், தாளம் நின்றால் மன்னிக்க மாட்டார். முதல் வாரம் நாலு எண்ணிக் கீழ்நோக்கி மட்டும் வருடினாலே போதும்.

ஒருநாள் வாசித்து முடித்து வாத்தியத்தைத் தரையில் சாய்த்தபோது திருநீலகண்ட யாழ்ப்பாணர் நினைவுக்கு வந்தார். அவர் நம் ஆலவாய்க் கோயிலில் நின்று யாழ் வாசித்தபோது, தரையின் ஈரத்தில் யாழின் நரம்பு கெட்டுவிடும், பொற்பலகை இடுங்கள் என்று அசரீரி கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பாணபத்திரருக்காகச் சொக்கநாதர் விறகு சுமந்த ஊரும் இதுதான். அப்படிப்பட்ட ஊரில் இன்று யாழ் எங்கே? சிலப்பதிகாரத்தின் வரிகளை வைத்து அதன் கணக்கைத் தேடி எடுக்க, மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் 1916-இல் பண்டிதர் தேர்வு எழுதிய மட்டக்களப்பு விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சாமியே பலகை போடச் சொன்ன வாத்தியத்துக்குக் கடைசியில் ஒரு புத்தகம்தான் மிஞ்சியது. ராஜ்யம் இழந்த ஹவாயில் உகுலேலே பிழைத்ததற்கும், ராஜாக்கள் இருந்தும் இங்கே யாழ் மறைந்ததற்கும் காரணங்கள் பல இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒன்று: வித்வான்கள் மட்டும் காப்பாற்றி ஒரு வாத்தியம் பிழைக்காது. சுமாராக வாசிக்கும் ஆயிரம் பேர் வீட்டுத் திண்ணைகளில் வேண்டும்.

எதிர்வீட்டு நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். "சரி சார், அந்த ஜி-யை மட்டும் சீக்கிரம் சரிபண்ணுங்க" என்றார்.

இப்போது சாயங்காலம் விளக்கேற்றியதும் வீட்டுக்காரி ஒரு நொட்டுஸ்வரம் பாடுகிறாள், நான் கூட வருடுகிறேன். எஃப்-லிருந்து ஜி-க்கு என் விரல் போய்ச் சேர நேரமாகும். அவள் அந்த இடத்தில் சுரத்தை நீட்டிப் பிடித்துக் காத்திருக்கிறாள். அப்பாவின் அந்தத் துணி பீரோவில் பத்திரமாக இருந்தது. வாசித்து முடித்ததும் வாத்தியத்தை ஒரு பலகையின் மேல் வைத்து, அந்தத் துணியால் மூடிவைக்கிறேன். பேரன் பேத்திகள் வந்தால் மட்டும் மூடுவதில்லை. தொட்டுப் பார்க்கட்டும்.