ஊவாவின் இருப்புப்பாதையும் தோட்டத்துப் பாதையும்

கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் மலையேறி வரும் இருப்புப்பாதை பதுளையில் முடிவடைகிறது. அதற்கப்பால் பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று தேயிலை மலைகள் நீண்டு கிடக்கின்றன. தண்டவாளம் அங்கே செல்லவில்லை. இப்பாதை யாருக்காகப் பதுளைவரை வந்தது, வந்தபின் யாரை ஏற்றிச் சென்றது என்பதை அறிந்தால், ஊவாத் தோட்டங்களின் சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதியை அறிந்தவராவோம்.

1817ஆம், 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலே மூண்ட கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், தெருக்கள் இல்லாத நாட்டை ஆளுதல் அரிது என்பதைக் கண்டுகொண்டனர். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் இப்பகுதியில் தெருக்களை வெட்டுவித்துப் பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து அவர் மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்ததேயாகும். அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் நியாயம்.

அக்காலத்தில் கோப்பி மாட்டுவண்டியிலே மலையிறங்கியது. தொழிலாளர் உண்ணும் அரிசி அதே வண்டிகளிலே மலையேறியது. தொழிலாளரோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக நடந்தே மலைநாட்டுக்கு வந்தனர். வழியிலே காய்ச்சலாலும் பேதியாலும் மடிந்தோர் பலர்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது; 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் தொட்டது. இதற்கிடையே 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஊவாத் துரைமார் புகையிரதம் வேண்டுமென்று ஓயாது வற்புறுத்தினர். 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ இருபது மைல். அந்த இருபது மைலைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன! 1924இலேதான் பதுளை புகையிரதத்தைக் கண்டது.

தாமதத்துக்கு மலையும் ஒரு காரணம். இப்பாதையில் 44 அடி செல்வதற்குள் ஓர் அடிக்குமேல் ஏற்றமோ இறக்கமோ இருத்தலாகாது என்பது விதி. தெமோதரையில் நிலம் அவ்வளவு மெதுவாக இறங்குவதில்லை. ஆகவே பாதையை மலையைச் சுற்றி வளைத்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செலுத்தினார்கள். தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கங்காணியைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த யுக்தி தோன்றிற்று என்பது செவிவழிக் கதை. கதை மெய்யோ பொய்யோ, அதைத் தோட்டத்து மக்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் வியப்பில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் நிறைவெய்திய ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது; இரும்புச் சட்டம் அதில் இல்லை.

ஆனால் இத்துணை அரிய வேலை எதற்காக நடந்தது? தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தை அடைவதற்காக. தோட்டத்துக்குள்ளும் இதே நியாயமே செல்லுபடியாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலுள்ள தம்பேத்தன்னையை வாங்கினார். அக்காலத்துத் தோட்டங்கள் சிலவற்றில் மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைவரை கம்பிவடம் கட்டப்பட்டது. கொழுந்து மூட்டைகள் அந்தரத்திலே தொங்கிச் சில நிமிடங்களில் கீழே இறங்கின. அக்கொழுந்தைப் பறித்தவளோ ஒற்றையடிப் பாதையிலே நடந்து லயத்துக்குச் சென்றாள்.

எனினும் புகையிரதத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டனர். மலையகத்தார் அதனைக் 'கோச்சி' என்றே அழைப்பர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின், ஊரிலே நல்லது கெட்டதுக்குப் போய்வருவது கைகூடும் காரியமாயிற்று. பின்னர் வந்தது 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென இரு அரசுகளும் முடிவு செய்தன. போவோரிடம் விருப்பம் கேட்டார்கள் என்பர். பிறந்த மண்ணில் குடியுரிமை மறுக்கப்பட்டவனுடைய விருப்பம் எத்தகையது என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம். தலைமன்னாருக்குச் சென்ற அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தேயிலையை இறக்குவதற்கு இட்ட தண்டவாளத்திலேயே, தேயிலையை வளர்த்தவரும் இறக்கப்பட்டனர்.

1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாயின. தேயிலைப் பெட்டிகள் நாளடைவில் லொறிகளுக்கு மாறின. இதனை முழு முன்னேற்றமென்று நான் கொள்ளமாட்டேன். நூற்றுக்கணக்கானோரை ஒரே எஞ்சின் இழுத்துச் செல்லும் வண்டி, எரிபொருளிலும் செலவிலும் ஏழைக்கு இசைந்தது. ஆனால் மலை எவருக்கும் உறுதி தருவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின்போது மண்சரிவுகள் மலையகத்தில் இருப்புப்பாதையையும் பெருந்தெருக்களையும் பல இடங்களில் துண்டித்தன.

கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள தூரம் 1924இலேயே வெல்லப்பட்டது. வெல்லப்படாதது லயத்துக்கும் பெருந்தெருவுக்கும் இடையிலுள்ள மூன்று, நான்கு மைல். பிள்ளைப்பேற்று வேதனையில் இருப்பவளைக் கம்பளியில் கிடத்தி நால்வர் தூக்கிவந்த கதை இல்லாத தோட்டம் இப்பக்கத்தில் அரிது. கடும்மழை நாட்களில் எங்கள் பாடசாலையின் வரவுப் பதிவேட்டைப் பார்த்தே, எந்த டிவிசனின் பாதை வெள்ளத்தில் போயிற்று என்று சொல்லிவிடலாம்.

இப்பாதைகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள்ளே சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. வாக்குக் கேட்க அங்கத்தவர் அப்பாதையால் நடந்து வரலாம். வென்றபின் அதில் ஒரு வண்டிக் கல் கொட்டுவதற்கு அவருக்கு அதிகாரமில்லை. முப்பதாண்டுக்கு மேல் நிலவிய இவ்விசித்திரம் 2018இல் வந்த திருத்தச் சட்டத்தால் நீங்கிற்று. இன்று பசறையிலோ லுணுகலையிலோ பிரதேச சபை தன் வரவுசெலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளும்போது, தங்கள் தோட்டத்துப் பாதைக்கு எவ்வளவு தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று லயத்தில் வாழும் வாக்காளர் எழுந்து கேட்கலாம்.